டீசல் இல்லாமல் ஓடியது

இழுக்கும், அமுக்கும், வெடிக்கும், தள்ளும். இவ்வளவுதான் யக்கா இன்ஜின் என்று ஜெயசிங் போனில் சொன்ன நாளிலிருந்து இந்த நாலு வார்த்தையும் என் வாயை விட்டுப் போகவில்லை. பல் தேய்க்கும்போது வருகிறது, புளி கரைக்கும்போது வருகிறது, தூக்கம் பிடிக்கிற நேரத்தில் யாரோ காதுக்குள் சொல்கிற மாதிரி வருகிறது. முதலில் காற்றை உள்ளே இழுக்கும். இழுத்த காற்றை அமுக்கும். அமுக்கின சூட்டில் டீசல் பட்டதும் வெடிக்கும். வெடித்த புகையை வெளியே தள்ளும். மறுபடியும் இழுக்கும். ஸ்கூட்டரில் இருக்கிற மாதிரி பொறி வைக்க இதில் பிளக் கிடையாது, அமுக்குகிற சூடே போதும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே அந்தச் சூடுதான் என்றான். யாரும் நெருப்பு வைக்காமலே உள்ளே நெருப்புப் பிடிக்கிறது என்று கேட்டபோது எனக்குக் கையில் மயிர் குத்திட்டு நின்றது. நல்லவேளை ஊருக்கு இது தெரியாது. ஏற்கெனவே இந்த டிராக்டரைத் தாண்டிப் போகிறவர்கள் தூ தூ என்று துப்பிவிட்டுத்தான் போகிறார்கள். ஜெயசிங் புதூரில் பட்டறை வைத்திருக்கிறான். வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், முனியை நம்பமாட்டான், ஆனால் முனி ஏறின வண்டிக்கு வரவும் மாட்டான். போனில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வான். அப்படி அவன் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாய்க் கழற்றி, கழற்றினதைச் சாக்கில் வரிசையாய் வைத்து, கழற்றின வரிசையிலேயே திரும்ப மாட்டி, ஏதோ நானும் ஒரு மெக்கானிக் மாதிரி நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போய் இந்தத் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே உச்சி வெயில். எங்கள் உழவுக் காட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. இந்த நேரத்தில் முனி நடக்கும் என்று சொல்வார்கள், நடந்தால் நடக்கட்டும், எனக்குக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுகிற, ஏர் எடுக்கிற வேலை இருக்கிறது.

டீசல் போகிற குழாயில் காற்று நின்றுகொண்டால் வண்டி கிளம்பாது. திருகைக் கொஞ்சம் தளர்த்தி, பக்கத்தில் இருக்கிற சின்ன நெம்பைக் கையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரை நுரையாய் வரும். பிறகு முட்டை முட்டையாய் வரும். கடைசியில் டீசல் மட்டும் வரும், அப்போது திருகை இறுக்கிவிட வேண்டும். அடிக்கிறேன், நுரைக்கிறது. வாயில் நுரை வந்த மாதிரி. என் வீட்டுக்காரர் வாயில் நுரை இல்லை. ஆஸ்பத்திரியில் அதைத்தான் முதலில் கேட்டார்கள், நுரை தள்ளினதா என்று. இல்லை, வாய் மூடித்தான் இருந்தது. கண்தான் மூடவில்லை. இதோ இந்தத் தூணில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், இப்போது நான் சாய்ந்திருக்கிற இதே தூணில், காலை நீட்டிக்கொண்டு, வண்டியைப் பார்த்தபடி. போன வருஷம் ஆயுத பூஜை அன்றைக்கு, இதே மாதிரி ஒரு மத்தியானம். ஹார்ட் என்றார்கள். ஹார்ட் என்றால் நெஞ்சைப் பிடித்த கை நெஞ்சில் இருக்கும், முகம் வலியில் கோணியிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அந்த முகத்தில் வலி இல்லை. எதையோ பார்த்த முகம் அது. இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனின் முகத்தில் அதுவரைக்கும் நான் பார்க்காத ஒன்று இருந்தது. நான் அவர் கண்ணை மூடிவிட்டேன், அது மறுபடி திறந்துகொண்டது. அப்புறம் யாரோ காசு வைத்து மூடினார்கள்.

அன்றைக்கு வண்டி தானாகக் கூவியதை ஊரே கேட்டது. வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நானும் கேட்டேன். பூஜைக்குக் கழுவித் துடைத்த வண்டியை முறுக்கிப் பார்க்கிறார், சின்னப்பிள்ளை மாதிரி, என்று நினைத்துக் கடுகைப் போட்டேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது. இறங்கவே இல்லை. பக்கத்துக் காட்டிலிருந்து ஓடி வந்தவர்கள் சொன்னதுதான் அதற்குப் பிறகு நடந்தது எல்லாம். கொட்டகை தெரியாத அளவுக்குப் புகை, கரும்புகை இல்லை, நீலமும் வெள்ளையுமாய். அந்தப் புகைக்குள் அவர் அங்கும் இங்கும் ஓடியிருக்கிறார். நிறுத்துகிற கம்பியை இழுத்திருக்கிறார். டீசல் டேங்கின் திருகை மூடியிருக்கிறார். கடைசியில் அரிவாளால் டீசல் குழாயையே வெட்டியிருக்கிறார், வெட்டின குழாயை நானே பார்த்தேன். அதற்கு அப்புறமும் வண்டி ஓடியிருக்கிறது. சொட்டு டீசல் இல்லாமல், குழாய் அறுந்து தொங்க, கூவிக் கூவி ஓடிவிட்டு அதுவாக நின்றிருக்கிறது. அது நின்றபோது அவர் மூச்சும் நின்றிருந்தது. ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். காட்டு மூலையில் முனி கல் இருக்கிறது, அதை ஒட்டி இவர் உழுதார், டயர்த் தடம் கல்லுக்கு ஒரு சாண் பக்கத்தில் போயிருந்தது, முனி வண்டியில் ஏறிவிட்டது. கதை முடிந்தது. அன்றிலிருந்து வாடகை டிராக்டர்கூட என் காட்டுக்கு வரமாட்டேன் என்கிறது. என்ன வாடகை தருகிறேன் என்றாலும் டிரைவர்கள் தலையைச் சொறிகிறார்கள். உளுந்து போட்ட நிலம் இந்த ஒரு வருஷம் முழுக்கத் தரிசு, முள் ஏறிப்போய்க் கிடக்கிறது. இந்த வண்டி சாதாரண வண்டிதான் என்று நானே ஓட்டிக் காட்டினால்தான் மழைக்கு முன்னால் உழவு. இது ஊருக்குச் சொல்கிற காரணம். எனக்குச் சொல்லிக்கொள்கிற காரணம் வேறு. அவர் கடைசியாகப் பார்த்தது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். அது புகையாக இருந்தால் நான் தூங்குவேன். புகையில்லாத வேறு ஒன்றாக இருந்தால் அதையும் தெரிந்துகொண்டு தூங்காமல் இருப்பேன்.

முட்டை முட்டையாய் வருகிறது. அடி, அடி. கை கடுக்கிறது. பேட்டரியைச் சார்ஜ் போட்டு வைத்தாயிற்று. டேங்க்கைக் கழுவி, பில்டர் மாற்றி, வெட்டுப்பட்ட குழாய்க்குப் புதுக்குழாய் போட்டாயிற்று. டீசலைப் பீச்சுகிற நாசிலைக் கழற்றிப் பையில் போட்டுப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் ஜெயசிங்கிடம் காட்டினேன், நாசில் மட்டும்தானே, அதில் முனி இருக்காது என்று அவன் தைரியமாய்ச் சோதித்துக் கொடுத்தான். எல்லாம் சரியாக இருக்கு யக்கா, உங்க வண்டிக்கு ஒரு நோயும் இல்லை என்றான். அதுதான் எனக்குப் பயம். ஒரு நோய் இருந்திருக்கலாம். ஒரு பல் உடைந்து, ஒரு ஓட்டை விழுந்து, ஏதாவது ஒன்று இதனால்தான் என்று காட்டியிருக்கலாம். முதல் தடவை பானட்டைத் திறந்தபோது நாய் எதையாவது முகர்ந்து பார்க்குமே அப்படி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தேன். எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இன்ஜின் ஆயில் அளவாக இருந்தது. தூசி வடிகட்டுகிற ஏர் கிளீனருக்கு அடியில் ஒரு இரும்புக் கிண்ணம், அதிலும் எண்ணெய் பாதிக்கு மேல் இருந்தது, தெளிவாய், அதில் என் முகம் தெரிந்தது. அந்தக் கிண்ணத்து எண்ணெயில் தூசி ஒட்டிக்கொள்ளும், சுத்தமான காற்று மட்டும் உள்ளே போகும். நான் மூச்சுக் கிண்ணம் என்று பெயர் வைத்திருக்கிறேன். இயந்திரம் மூச்சு விடுகிறது என்று தெரிந்த பிறகு அதன் பக்கத்தில் தனியாக உட்கார்வது முன்னை மாதிரி இல்லை. வெறும் இரும்பு என்று இருந்தது போய், இப்போது மூச்சை நிறுத்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிற ஒன்று மாதிரி இருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, படிப்பு பயத்தைப் போக்கும் என்கிறார்கள், எனக்குப் படிக்கப் படிக்கத்தான் கூடுகிறது.

டீசல் மட்டும் வருகிறது. இறுக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மாமியார் வந்துவிட்டுப் போனாள். ஒரு வருஷமாகக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், இன்றைக்கு ஆயுத பூஜை என்று சந்தனக் கும்பாவும் வண்டி எண்ணெய்க் கேனும் எடுத்துக்கொண்டு வெயிலில் தடவித் தடவி வந்தாள். கண்ணில் புரை. இந்த வருஷத்தில் அவளை உயிரோடு வைத்திருப்பது கஞ்சி இல்லை, முனிதான். பிள்ளை போன மறுநாள் படுத்தவள், எழுந்திருக்க மாட்டாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு முனி கல்லுக்குப் போய் நின்று வைதாள். அன்றிலிருந்து தினமும் காலையில் போய் வைதுவிட்டு வந்துதான் கஞ்சி குடிக்கிறாள். விளக்கு வைப்பதை நிறுத்திவிட்டாள். அதன் மேல் அவளுக்கு இருக்கிற கோபத்தைப் பார்த்தால் முனி இருந்தாலும் வேறு ஊருக்குப் போயிருக்கும். அந்தப் பகையாளி ஏறின வண்டிக்கு எதற்கு அத்தை பொட்டு என்று கேட்டேன். இது எம்பிள்ளை வண்டி, இதுக்குக் குறை வைக்கக் கூடாது என்றாள். கழுவி வைத்திருந்த மூச்சுக் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தச் சொன்னாள். நல்ல நாளில் எந்தப் பாத்திரமும் குறையாக இருக்கக் கூடாது. விளக்கானாலும் சொம்பானாலும் அரிசிப் படியானாலும் ததும்ப வேண்டும். கண் தெரியாததால் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, விரல் நுனியில் எண்ணெய் தொடுகிற வரைக்கும் ஊற்றினாள், விளக்குக்கு ஊற்றுகிற அதே பதத்தில். கிண்ணத்தின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு கோடு மாதிரி வரம்பு இருந்தது, அது மூழ்கியது. அது வார்ப்பில் விழுந்த கோடு என்று நான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கி நான்தான் மாட்டிக் கிளிப்பைப் போட்டேன். அவள் சந்தனம் வைத்துவிட்டு, இங்கே நிற்க மாட்டேன் என்று வீட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஏறி உட்கார்ந்தேன். சீட்டில் அவருடைய பள்ளம் இன்னும் இருக்கிறது, நான் அதற்குள் சரியாக உட்காரவில்லை. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன், இன்னொரு தடவையும் ஆட்டினேன். செல்ஃபைத் தொட்டதும் ஒரு முனகல். அப்புறம் இன்னொரு முனகல், வண்டி முழுக்க ஒரு உதறல், வெள்ளைப் புகை ஒரு கவளம். பிடித்துக்கொண்டது. டுப் டுப் டுப் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் இல்லாமல் அழுதேன், யார் பார்க்கிறார்கள். இழுக்கிறது, அமுக்குகிறது, வெடிக்கிறது, தள்ளுகிறது, நான் மாட்டினது, என் கையால் மாட்டினது. அந்தச் சத்தத்துக்கு மேல் என் மனசுக்குள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன், பார்த்தீர்களா, ஒன்றும் இல்லை, இதுக்குப் போயா. கீழே இறங்கி இன்ஜின் பக்கம் வந்து நின்று, ஊருக்குக் கேட்கட்டும் என்று கை ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றினேன். ஏறியது. போதும் என்று இறக்கினேன். சத்தம் இறங்கவில்லை. கம்பி மாட்டிக்கொண்டதோ என்று பார்த்தேன், இல்லை, கம்பி அடியோடு இறங்கித்தான் இருந்தது. சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமல், யாரும் கொடுக்காமல், தானே ஏறியது. அந்தச் சத்தத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், கையில் கடுகு டப்பாவோடு. நிறுத்துகிற கம்பியை இழுத்தேன். அது என் கையோடு வந்தது, சத்தம் நிற்கவில்லை. டேங்க் திருகை மூடினேன். புகை நீலமாய், வெள்ளையாய், கொட்டகைத் தகரத்தில் முட்டிக் கீழே இறங்கியது. தகரம் முழுக்க அதிர்ந்தது. டீசல் இல்லை, ஓடுகிறது. டீசல் இல்லை, ஓடுகிறது. இழுக்கும் அமுக்கும் வெடிக்கும் என்பதெல்லாம் எங்கே போனதோ, முனி முனி முனி என்றுதான் உள்ளே ஓடியது. புகைக்குள் அந்தத் தூண் பக்கம் யாரோ காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சத்தியமாக. முகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் என் முகம் இருந்திருந்தால் அது அவர் முகம் மாதிரியே இருந்திருக்கும், அது எனக்கு அப்போதே தெரிந்தது, என் தாடை இழுபட்டு, கண் விரிந்து, அதே முகத்தை நான் போட்டுக்கொண்டிருந்தேன். பயந்துதான் போனேன். ஓடத் திரும்பினேன். அப்போதுதான் அந்த நாலில் முதல் வார்த்தை மட்டும் திரும்பி வந்தது. இழுக்கும். எதை எரித்தாலும் காற்றை இழுக்காமல் எரிக்க முடியாது. பேயோ பிசாசோ, இது மூச்சு விடுகிற பேய். எண்ணெய் டிரம்மை மூடியிருந்த பலகையை எடுத்தேன். முன்சக்கரத்தில் ஏறி, பானட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த காற்றுக்குழாயின் தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பலகையை வைத்து என் நெஞ்சால் அமுக்கிப் படுத்துக்கொண்டேன். பலகைக்குக் கீழே அது என்னை இழுத்தது. உயிருள்ளது இழுக்கிற இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன், மரத்தின் வழியாக அதன் மூச்சு முட்டுவதை என் மார்பில் உணர்ந்துகொண்டு, ஒரு கழுத்தை நெரிக்கிறவள் மாதிரி. திணறியது, உதறியது, என்னைத் தூக்கிப் போடப் பார்த்தது. பிறகு நின்றது.

நின்ற பிறகு இருந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது. புகை மெதுவாக வெளியே போனது. தூண் பக்கம் சாக்கு மூட்டை ஒன்றுதான் இருந்தது. கீழே இறங்கி, காற்று வழியாகத்தானே ஏதோ போயிருக்க வேண்டும் என்று மூச்சுக் கிண்ணத்தின் கிளிப்பை எடுத்தேன். கழற்றும்போது சிந்தும் என்று இரண்டு கையால் ஏந்தினேன், சிந்தவில்லை. விளிம்பு வரைக்கும் இருந்த எண்ணெய் கோட்டுக்கு இறங்கியிருந்தது. சரியாகக் கோட்டில் நின்றது. அதற்கு மேல் இருந்ததை எல்லாம் வண்டி காற்றோடு சேர்த்து இழுத்துக் குடித்திருக்கிறது. எண்ணெயும் எரியும். எரிந்தால் ஓடும். ஓட ஓட இன்னும் இழுக்கும், தீர்கிற வரைக்கும் டீசலே வேண்டாம், எந்தக் கம்பியும் அதை நிறுத்தாது. கோடு அதற்குத்தான் போட்டிருக்கிறார்கள், இதுக்கு மேல் ஊற்றாதே என்று. இவ்வளவுதானா. புகைதான். அவர் பார்த்தது புகைதான், ஒரு கிண்ணம் எண்ணெய்ப் புகை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஓடிப்போய் ஊரைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது, இந்தாங்க உங்கள் முனி, கிண்ணத்தில் இருக்கிறது பாருங்கள் என்று. இரண்டு எட்டு வைத்திருப்பேன். முதல் தடவை நான் திறந்து பார்த்தபோதும் எண்ணெய் பாதிக்கு மேல், இதே கோட்டில்தான் இருந்தது. டீசல் இல்லாமல் ஓடினதென்றால் அன்றைக்கும் கோட்டுக்கு மேல்தான் ஊற்றியிருக்கிறார்கள். அவர் ஊற்றமாட்டார், வருஷா வருஷம் அவர்தான் ஊற்றுவார், ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. அன்றைக்கு அவர் வாழைக்கன்று வாங்கப் புதூருக்குப் போயிருந்தார். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தார், வந்ததும் அவசரத்தில் இருந்தபடியே எடுத்து மாட்டியிருப்பார். அப்போதுதான் மாமியாரின் ஒப்பாரி எனக்குக் கேட்டது, நடுவீட்டில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஊரே கேட்க அவள் அழுத அழுகை. எய்யா அய்யலு, ஒரு குறை வைக்கலையேய்யா, நீ வாரதுக்குள்ள உன் வண்டிக்குக்கூட எங்கையால தளும்பத் தளும்ப எண்ணெ ஊத்தி வச்சனேய்யா, இப்படிக் குறையாப் போயிட்டியே. எல்லோரும் கேட்டோம். கேட்டு அழுதோம்.

கம்புச் சத்தம் கேட்டது. சத்தத்தைக் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். வெளிச்சத்தில் நின்றுகொண்டு உள்ளே தெரியாமல் தலையைத் தலையை ஆட்டினாள். உயிரோடு இருக்கிறேனா என்று என் பெயரைச் சொல்லித்தான் முதலில் கேட்டாள், ராசக்கனி, ராசக்கனி என்று. இருக்கிறேன் அத்தை என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. கிண்ணம் என் கையில் இருந்தது. ஒரு வருஷமாக நான் தேடினது, ஊருக்குக் காட்ட வேண்டும் என்று நான் கை கறுக்கப் படித்தது, அவளுக்கும் எனக்கும் நடுவில், எட்டிக் கொடுக்கிற தூரத்தில் இருந்தது. அவளிடம் கொடுத்தால் விளிம்பில் விரலை வைத்துப் பார்ப்பாள். எண்ணெய் தொடாது. ஏன் குறைந்தது என்று கேட்பாள்.

"அன்னைக்கு மாதிரியே கத்துச்சே தாயி. அதுதானா?"

கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சொன்னால் நாளைக்கே டிரைவர்கள் வருவார்கள். காடு உழவாகும். நானே ஓட்டுவேன். இவள் நாளைக் காலையில் எழுந்து எங்கே போய் யாரை வைவாள்.

"அதுதான் அத்தை. முனிதான்."

அவள் முகம் இறுகியது. இறுகின முகம்தான் அவளுக்குத் தெம்பு. இதை இனி வைத்திருக்கக் கூடாது என்றாள், நாளைக்கே இரும்புக்குப் போட்டுவிடு, காடு தரிசாய்க் கிடந்தால் கிடக்கட்டும், உன்னையும் கொடுத்துவிட்டு நான் எங்கே போவேன் என்றாள். சரி என்றேன். கம்பை ஊன்றி எழுந்து, வீட்டுப் பக்கம் போகாமல் காட்டு மூலைக்கு நடந்தாள். வேகமாக நடந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது, எம்பிள்ளையத் தின்னது பத்தாதா, மருமகளும் வேணுமா உனக்கு என்று, வயசுக்குப் பொருந்தாத உரத்த குரல். கேட்கக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது, கல் திரும்பி ஒரு வார்த்தை சொல்லிவிடுமோ என்று, நான் இல்லை, உன் கை என்று. வைது முடித்தால் இங்கேதான் வருவாள். கிண்ணத்தை மண்ணில் கவிழ்த்தேன். கரிசல் எண்ணெயை உடனே குடிக்கவில்லை, கொஞ்ச நேரம் பளபளவென்று மேலேயே நின்றது. பொறுத்துக்கொள் என்று முனியிடம் சொன்னேன், அவள் இருக்கிற வரைக்கும்தான். பிறகு காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினேன்.